முன்பறவை பொய் சொல்லாது

முன்பறவை சோலையின் விளிம்பு மரத்துக்கு வந்து கடைசிக் கிளையில் உட்கார்ந்தது. வாலில் தொங்கும் இரண்டு துடுப்புகளையும் ஒரு தடவை ஆட்டியது. பிறகு கூப்பிட்டது. நம் காதுக்கு அது ஒரு நீளச் சீழ்க்கை, அவ்வளவுதான். ஆனால் சின்னச்சோலையின் இருட்டுக்குள் அங்கங்கே பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்த சிலம்பன்களும் மின்சிட்டுகளும் ஈப்பிடிப்பான்களும், பட்டையைக் குடைந்துகொண்டிருந்த மரங்கொத்தியும், போட்டது போட்டபடி ஓடி வந்தன. நம் வீட்டில் சோறு போட்டு வளர்க்கிற பிள்ளைகள் இப்படி ஒரே கூப்பாட்டில் வந்ததுண்டா?

எதிரே தேயிலை. இடுப்புயரத்துக்குக் கவாத்து செய்துவிட்ட வெட்டவெளிச் சரிவு. அதற்கு அப்பால் பெரிய காடு. மழைக்காட்டின் நிழலிலேயே பிறந்து நிழலிலேயே சாகிற இந்தக் குருவிகளின் வம்சத்தில், தலைக்கு மேல் இலை இல்லாத இடத்துக்கு யாரும் போனது கிடையாது. முன்பறவை வந்த பிறகுதான் போகின்றன.

பியூலா சரிவில் குடையோடு நின்றிருந்தாள். காலில் அட்டை ஏறியிருந்தது தெரிந்தும் குனியவில்லை. தினமும் பார்க்கிற கூத்துதான், ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

முன்பறவை கிளம்பியது. கூட்டம் மொத்தமும் பின்னாலேயே தேயிலைக்கு மேல் இறங்கியது. பாதி தூரத்தில் முன்பறவை எச்சரித்தது: வல்லூறு! உண்மையான எச்சரிக்கைதான். சரிவின் நடுவே நின்ற ஒற்றைச் சில்வர் ஓக்கிலிருந்து கொண்டை வல்லூறு புறப்பட்டிருந்தது. பதுங்க ஒரு புதர் வேண்டாமா? தேயிலைக்குள் விழுந்து ஒளிய இந்தக் குருவிகளுக்குத் தெரியாது. அவை மேலேகூடப் பார்க்கவில்லை. எல்லாம் முன்பறவையையே பார்த்துக்கொண்டு பறந்தன. வல்லூறு அவசரமே படாமல், கூடையிலிருந்து எடுப்பதுபோல் ஓர் ஆண் மின்சிட்டை எடுத்துக்கொண்டு போயிற்று.

அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த மின் ஏடு மினுங்கியது. "கடப்பு வெற்றி. கூட்டம் இணைந்துள்ளது."

"இணைஞ்சிருக்காம்! மண்ணாங்கட்டி!" என்றாள் பியூலா வாய்விட்டு.

இந்தக் கூத்து எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுவது நல்லது. மலைக்காட்டுப் பறவைகள் தனியாக மேய்வதில்லை. ஒன்பது பத்து இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து கிளம்பும். ஒன்று கலைக்கிற பூச்சியை இன்னொன்று பிடிக்கும். கண்கள் பல என்பதால் வல்லூறு வந்தால் யாராவது ஒருவர் பார்த்துவிடுவார்கள். இந்தக் கலப்புக் கூட்டத்துக்குத் தலைமை துடுப்புவால் கரிச்சான். அது போகிற வழிதான் வழி, அது அலறினால் எல்லாரும் பதுங்க வேண்டியதுதான். ஆனைமலையைத் துண்டு துண்டாக வெட்டித் தேயிலை வைத்தவர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம். துண்டு சிறுத்ததும் முதலில் போனது கரிச்சான். அதற்கு இடம் நிறைய வேண்டும். தலைவன் இல்லாத கூட்டம் கலைந்தது. தனித்தனியே மேய்ந்த குருவிகளை வல்லூறும் பசியும் ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தன. துண்டுகளில் மரம் நின்றது, உள்ளே சத்தம் செத்துப்போயிற்று.

அப்போதுதான் சோலை இணைப்பு வாரியம் முன்பறவையைச் செய்தது. கரிய இழையால் உடம்பு, சூட்டை வைத்தே வல்லூறைக் கண்டுபிடிக்கும் வெப்பக்கண், கரிச்சானைப் போலவே வால். குரல் மட்டும் அசல் கரிச்சானுடையது. பெரிய காட்டில் உயிரோடிருந்த கடைசிக் கரிச்சான்களின் பின்னால் மழையில் நனைந்து அலைந்து அந்தக் குரலைப் பதிந்து வந்தவள் பியூலா. வேங்கைமுடி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, கோயம்புத்தூரில் போய் ஒலியியல் படித்துவிட்டு, அதே எஸ்டேட்டுக்குத் திரும்பி வந்தவள்.

குரலைச் சுத்தம் செய்ததும் அவள்தான். கரிச்சான் ஒரு கள்ளப் பயல். சிலம்பனின் வாயில் கொழுத்த புழு ஒன்று அகப்பட்டால் இதற்குப் பொறுக்காது. வல்லூறே இல்லாத வானத்தைப் பார்த்து "வல்லூறு!" என்று அலறும். சிலம்பன் பயந்து புழுவைப் போட்டுவிட்டு ஓடும். இது இறங்கி வந்து எடுத்துத் தின்னும். பியூலா அந்தப் பொய்க் கூவல்களை எல்லாம் பொறுக்கி எடுத்து வெளியே எறிந்தாள். பாவம், சோற்றுக்கே திண்டாடும் குருவிகளைப் பொய் சொல்லி எதற்கு அலைக்கழிக்க வேண்டும்? முன்பறவை உண்மை மட்டுமே பேசட்டும் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு தப்பும் யாருக்கும் தெரியவில்லை.

அசல் கரிச்சானை மற்றப் பறவைகள் பாதிதான் நம்பும். அது அலறினால் ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டே பதுங்கும். முன்பறவையை அவை முழுசாக நம்பின. ஒரு மழைக்காலம் போனதும் தலையைத் தூக்கிப் பார்ப்பதையே விட்டுவிட்டன. குஞ்சுகளுக்கு அந்தப் பழக்கம் வரவேயில்லை.

பியூலாவுக்கு ஓர் ஆசை இருந்தது. அந்த ஆசைக்காகத்தான் அவள் இந்த வேலையில் இருந்தாள். சின்னச்சோலைக்கும் பெரிய காட்டுக்கும் இடையே ஓர் ஓடை வளைந்து வளைந்து போகிறது. அதன் இரு கரையிலும் லைன் ஆட்கள் காட்டு மரக் கன்றுகளை நட்டு வளர்த்திருந்தார்கள். பியூலாவின் அம்மா கொழுந்துக் கூடையில் வைத்துச் சுமந்துவந்து நட்ட கன்றுகளும் அதில் உண்டு. அம்மா போய்விட்டாள், மரங்கள் தோளுக்கு மேல் வளர்ந்து ஒன்றோடொன்று கிளை தொட ஆரம்பித்திருந்தன. ஓடை வரிசை என்று அதற்குப் பேர். இன்னும் கொஞ்ச வருஷம். கிளைகள் கூடிவிட்டால் அசல் கரிச்சான் ஒன்று அந்த நிழல் வழியாகவே சின்னச்சோலைக்கு வந்துவிடும். அன்றைக்கு முன்பறவையை அணைத்துப் பெட்டியில் போட்டுவிடலாம். அதுவரை கூட்டம் கலையாமல் பிடித்துவைக்கத்தான் இயந்திரம். இப்படித்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

வாரியத்தின் செயலர் கீர்த்திவாசன் அன்று மத்தியானம் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். சின்னச்சோலையைப் பார்த்தால் அவருக்கே கண் கலங்கும்.

"வாழ்த்துகள், பியூலா. புதன்கிழமை வாரிய உறுப்பினர்கள் எல்லாரும் வர்றாங்க. கூட்டம் தேயிலையைத் தாண்டுறதை நேர்லயே பாக்கணுமாம்."

"பாக்கட்டும் சார். ஆனா வல்லூறு நம்ம வழிய நல்லாப் படிச்சிருச்சு. தாண்டும்போதெல்லாம் ஒண்ணு போகுது. ஓடை வரிசை வழியா கூட்டிட்டுப் போறேன்னு எத்தனை வாட்டி கேட்டேன்?"

"அது சுத்து வழி. மின்கலம் தாங்காதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

எழுதியது அவள்தான். முதல் வருஷம் மின்கலம் பாதி வழியில் செத்து, கூட்டம் நடுவில் தவித்தபோது, நேர் வழியே நல்லது என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். "இப்ப புது மின்கலம் வந்திருக்கே சார். மரம் இருக்கிற வழி அது," என்றாள்.

கீர்த்திவாசன் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அந்த மரங்களைப் பத்தித்தான் சொல்லணும்," என்றார். "எஸ்டேட்ல தேயிலை இனிமே ஓடாது, உங்களுக்கே தெரியும். எல்லாத்தையும் எடுத்துட்டு கரிமத் தோட்டம் போடறாங்க. காத்துல இருக்கிற கரியை உறிஞ்சுற மூங்கில். அதுக்கு இடைவெளி இல்லாம நிலம் வேணும். புதன்கிழமை கூட்டம் வெட்டவெளிய தாண்டிருச்சுன்னா, ஓடை வரிசை தேவையில்லைன்னு ஆயிரும்."

"வெட்டிருவாங்களா?"

"சின்னச்சோலை இருக்கும். அதை யாரும் தொட மாட்டாங்க. இணைஞ்ச சோலையைச் சட்டம் காப்பாத்துது. முன்பறவைதான் இணைக்குதே!"

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். பியூலாவுக்குப் பகீர் என்றது. தான் கட்டிய பாலமே தன் அம்மாவின் மரத்தை வெட்டப்போகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் அவள் லைன் வீட்டுக்குப் போனபோது சூசை மாமா வாசலில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. ஒரு காலத்தில் இந்த லைனில் அவரைத் திட்டாத வாய் இல்லை. தண்ணீர்க் குழாயில் குடங்கள் நீளமாக வரிசை கட்டி நிற்கும். மாமா கடைசியில் வந்து நிற்பார். திடீரென்று, "யானை! யானை!" என்று கத்துவார். பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடுவார்கள். மாமா நிதானமாகத் தன் குடத்தை நிரப்பிக்கொண்டு போவார். நாலு தடவைக்குப் பிறகு யாரும் ஓடவில்லை. அவர் கத்தினால் முதலில் மேட்டைப் பார்ப்பார்கள், சாணி வாசனை வருகிறதா என்று மோந்து பார்ப்பார்கள், அப்புறம்தான் ஓடுவதா அவரை அடிப்பதா என்று முடிவு செய்வார்கள்.

அதெல்லாம் காவற்குரல் வருவதற்கு முன்னால். அதையும் வாரியம்தான் வைத்தது. மேடெங்கும் வெப்பக்கண்கள், லைனெங்கும் ஒலிபெருக்கிகள். யானை இறங்கினால் பியூலாவின் குரல் சொல்லும்: எந்தப் பக்கம் வருகிறது, யார் உள்ளே இருக்க வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து பேசிக் கொடுத்த பதிவிலிருந்து இயந்திரம் தானாகவே வாக்கியம் கோத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கடைசியில், "பயப்படாதீங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று முடியும். அது வந்த நாளிலிருந்து யானை மிதித்து ஒருவரும் சாகவில்லை. ஒரு தடவைகூட அது தப்பாகச் சொன்னதில்லை. மேட்டை நிமிர்ந்து பார்ப்பதை லைனில் எல்லாரும் மறந்தே போனார்கள்.

"என்ன புள்ள, மூஞ்சி செத்துக் கெடக்கு?" என்றார் மாமா.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு சிரித்தாள். "மாமா, புதன்கிழமை உங்க வேலையத்தான் நான் பாக்கப் போறேன்."

"எந்த வேலைய?"

"கொழாயடி வேலைய. கூட்டம் தேயிலைக்குப் பொறப்படும்போது முன்பறவைய வல்லூறுன்னு கத்த வைக்கப் போறேன். வல்லூறு இல்லாமயே. குருவி பயந்து சோலைக்குள்ள ஓடிரும். வெட்டவெளியத் தாண்டாதுன்னு அவங்களே பாத்துருவாங்க. ஓடை வரிசை தப்பிச்சிரும்."

மாமா செருப்பைக் கீழே வைத்தார். "ஏ புள்ள, என்னைய ஒருத்தரும் நம்பல. அதனாலதான் நான் இஷ்டத்துக்குக் கத்தினேன். ஒரு கொடம் தண்ணியோட போச்சு. உன்னுதை நம்புமே அதுங்க?"

"ஒரே ஒரு தடவை மாமா. மரத்துக்காக."

"என்னமோ செய்யி. நான் சொன்னா நீ கேக்கவா போற?" என்று அவர் மறுபடி செருப்பை எடுத்துக்கொண்டார்.

எறிந்துவிட்ட பொய்க் கூவல்களை அவள் பழைய பதிவுகளில் தேடி எடுத்தாள். அசல் கரிச்சான் திருட்டுக்காகச் சொன்ன பொய். அதில் ஒன்றைத் தேர்ந்து முன்பறவையின் தொண்டையில் வைத்தாள். இதில் திருட்டு ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை மழை விட்டிருந்தது. வாரியத்தார் எல்லாரும் மழைக்கோட்டும் அட்டை ஏறாத காலுறையும் போட்டுக்கொண்டு சரிவில் வரிசையாக நின்றார்கள். முன்பறவை விளிம்பு மரத்துக்கு வந்தது, வாலை ஆட்டியது, கூப்பிட்டது. கூட்டம் திரண்டது. ஓரத்துக் கிளைகள் முழுக்கச் சிறகுகள். உறுப்பினர்களில் ஓர் அம்மாள், "அய்யோ, எவ்வளவு அழகு!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

முன்பறவை வெளியே பறந்து, கூட்டம் அதன் பின்னே எழும்பிய அந்த நொடியில், அலறியது.

வானத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் எழும்பிய கூட்டம் மொத்தமும் அப்படியே திரும்பி, கல் விழுவதுபோல் சோலைக்குள் விழுந்தது. ஒரு சிறகு அசையவில்லை, ஒரு குஞ்சு கீச்சிடவில்லை. சோலை செத்ததுபோல் கிடந்தது. முன்பறவை மறுபடி கூப்பிடுகிறவரை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

பியூலா மூச்சை விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

கீர்த்திவாசன் தன் ஏட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பியூலாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. மற்றவர்கள் தேநீருக்குப் போனதும் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"வல்லூறு இல்லையே, பியூலா?"

"இல்ல சார்."

"இத்தனை இனம். ஒரே ஒரு சத்தம். ஒண்ணுகூட நிமிர்ந்து பாக்கல," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, வியப்புதான் இருந்தது. கொஞ்ச நேரம் சோலையையே பார்த்துவிட்டு, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல், "லைன்ல இருக்கிற காவற்குரலும் உங்க குரல்தானே? அதுவும் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல, இல்லையா?" என்றார்.

"சொன்னதில்ல சார்," என்றாள் பியூலா. அவள் மனசெல்லாம் ஓடை வரிசையில் இருந்தது.

தீர்மானம் மாசக் கடைசியில் வந்தது. வெட்டவெளியைக் கூட்டம் தாண்டவில்லை. சரி, மரவழி? ஓடை வரிசை வழியாக ஒரு கூட்டமாவது போனதாகப் பதிவு உண்டா? கிடையாது. எல்லாக் கடப்பையும் பியூலாவே நேர் வழியில்தான் நடத்தியிருந்தாள். முன்பறவை போகாத வழியில் எந்தப் பறவை போகும்? ஆகவே சின்னச்சோலை எதோடும் இணையாத தனித்த துண்டு. தனித்த துண்டைச் சட்டம் காப்பாற்றாது. சோலையே போகிறபோது அதற்குப் போகிற ஓடை வரிசை எதற்கு? அதுவும் போகட்டும். தாண்டியிருந்தால் மரவரிசை மட்டும் போயிருக்கும். தாண்டாததால் இரண்டும் போயின.

பியூலா வாரிய அலுவலகத்துக்கு ஓடினாள். "நான் பொய் சொல்ல வெச்சேன் சார்! அது தாண்டும். தினமும் தாண்டுது. உங்க ஏட்டுலயே இருக்கே!"

"தெரியும்," என்றார் கீர்த்திவாசன். "ஆனா உறுப்பினர்கள் கண்ணால பாத்துட்டாங்களே. அதுவும் இல்லாம, நீங்க பண்ணினது எவ்வளவு பெரிய உபகாரம்னு உங்களுக்கே தெரியல. வெட்டுறப்போ ஒரு பறவைக்கும் காயம் படக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதனாலதான் இத்தனை வருஷம் துண்டுகளைத் தொட முடியல. வலை போட்டா சாகுது, புகை போட்டா சாகுது. உங்க குரல் போட்டா ஒண்ணும் சாகாது. பின்னால நின்னு பயமுறுத்தி, முன்னால நின்னு கூப்பிட்டா, தானா வெளிய வந்துரும். நீங்களே நடத்திக் கொடுத்தா நல்லா இருக்கும்."

அவள் மாட்டேன் என்றாள். கத்தினாள், அழுதாள். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவள் இல்லாமலே நடத்தினார்கள்.

காலி செய்கிற அன்று அவள் பழைய இடத்தில் நின்று பார்த்தாள். சோலையின் உள்ளே ஒரு முன்பறவை, வெளியே தேயிலைக்கு மேல் வாரியம் புதிதாகச் செய்த இன்னொன்று. உள்ளே இருந்தது அலறியது. வெளியே இருந்தது கூப்பிட்டது. சின்னச்சோலையில் உயிரோடிருந்த சிறகெல்லாம் வெளியே கொட்டியது. பறக்கப் பழகாத குஞ்சுகள் உள்ளேயே நின்றுவிட்டன. அவை கூட்டில் இருந்ததால் கணக்கில் வரவில்லை. வல்லூறு இரண்டாகியிருந்தது. மிச்சம் மறுகரை சேர்ந்து பெரிய காட்டின் ஓரத்தில் உட்கார்ந்தன. பெரிய காட்டில் ஏற்கெனவே வேறு கூட்டங்கள் இருந்தன. வந்தவற்றை அவை உள்ளே விடவில்லை. அதனால் இவை முன்பறவையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு, அடுத்து என்ன என்று காத்திருந்தன.

வேலை முடிந்ததால் ஒருவன் வந்து முன்பறவையை அணைத்து, பெட்டிக்குள் வைத்து, ஜீப்பில் ஏற்றினான். ஜீப் தேயிலை நடுவே மண் ரோட்டில் இறங்கியது. கூட்டம் அந்த ஜீப்பின் பின்னாலேயே பறந்தது. தழைந்து தழைந்து, வெட்டவெளியில், கடைசித் திருப்பம் வரைக்கும் பறந்தது. அதற்கப்புறம் அவற்றை அவள் பார்க்கவில்லை. நடு ரோட்டில் சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அம்மாவின் மரங்களை அறுக்கத் தொடங்கியபோது பியூலா தினமும் அங்கே போய் நின்றாள். தடுக்க முடியாது என்று தெரியும், வீட்டில் இருக்கவும் முடியவில்லை. வீட்டைக் காலி செய்யக் கேட்டு லைன் ஆட்களுக்கும் ஓலை வந்திருந்தது. கரிமத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க ஆள் தேவையில்லை. சமவெளியில் அடுக்குமாடி வீடு தருவார்கள். யாரையும் வற்புறுத்தி வெளியேற்றச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, ஆனால் ஆள் இல்லாத லைனைப் பிரித்துப் போடலாம். ஒருத்தரும் போகமாட்டோம் என்று ஆறாம் நம்பர் லைன் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தது. பக்கத்து வீட்டு ஞானம்மாக்கா, "என் பொணம்தான் போகும்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லியிருந்தாள்.

அன்று காலை அறுப்பு வாளின் சத்தத்துக்கு நடுவே பியூலாவுக்குத் தன் குரல் கேட்டது.

"யானை வருது. பெரிய கூட்டம். மேட்டுப் பக்கம் இருந்து ரெண்டு வழியாவும் எறங்குது. லைன்ல யாரும் இருக்காதீங்க. மஸ்டர் ஆபீஸ்கிட்ட பஸ் நிக்குது, ஏறிருங்க. பயப்படாதீங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் மேட்டைப் பார்த்தாள். ஒரு கிளைகூட அசையவில்லை. ஓடினாள். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். காலையில் ஆள் பேர் எடுக்கிற மஸ்டர் ஆபீஸுக்கு அவள் வந்து சேர்ந்தபோது பஸ்கள் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தன. அடுப்பில் வைத்ததை இறக்காமல்கூட வந்திருந்தார்கள். குழந்தைகளை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எறங்குங்க! யானையே இல்ல! நான் சொல்லல, நான் சொல்லவேயில்ல!"

ஞானம்மாக்கா படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள். "என்னடி சொல்லல? இப்பத்தானே சொன்ன. இந்தா, சொல்லிக்கிட்டே இருக்கியே!"

ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டேதான் இருந்தது. ரெண்டு வழியாவும் எறங்குது. யாரும் இருக்காதீங்க. பியூலாவின் குரல் ஓட்டத்தில் இளைத்து, அழுகையில் உடைந்து, யாருக்கும் சரியாகப் புரியவில்லை. மேலே இருந்த குரல் தெளிவாக இருந்தது.

சூசை மாமா ஒருவர்தான் பஸ்ஸில் ஏறாமல் இடுப்பில் கை வைத்து மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தார். "சாணி வாசனையே வரலையேடா! எங்கடா யானை? எல்லாம் பொய்! எறங்குங்கடா!" என்று அடித்தொண்டையில் கத்தினார்.

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். "ஏறுய்யா மாமா, உன் பொய்ய நாங்க கேக்காததா? எடம் பிடிக்கத்தானே கத்துற?" என்று யாரோ அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளினார். மாமா படியில் நின்றபடி பியூலாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் இத்தனை நாள் அவள் பார்க்காத பயம் இருந்தது. கதவு மூடிக்கொண்டது.

பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பத்தில் மறைந்தன. பிரித்துப் போடுகிற ஆட்கள் கடப்பாரையோடு லைன் பக்கம் நடந்தார்கள். கடைசி பஸ்ஸின் ஓட்டுநர் பியூலாவைப் பார்த்து, "வாங்கம்மா, நீங்க மட்டும்தான் பாக்கி," என்றார்.

"யானை வருது," என்றது ஒலிபெருக்கி. "சீக்கிரம் ஏறுங்க."

யானை இல்லை என்று அந்த மலையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் அவள் கால் ஓர் எட்டு பஸ் பக்கம் போனது. பியூலா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க," என்றது குரல்.